பிரிக்ஃபீல்ட்ஸில் சரிந்த கைலாயம்

கன்னையா தன் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். சின்னப் பொய்களைச் சேர்க்க வேண்டாம். ஐஸ் வண்டி தள்ளுகிறவன் ‘வழியிலேயே உருகிவிட்டது’ என்று சொல்லாமல் பிழைக்க முடியாது. பெரிய பொய் இதுதான்: மலாயாவுக்கு வருமுன் தான் மூன்று வருஷம் இமயமலையில் இருந்ததாகச் சொன்னான்.

உண்மையில் அந்த மூன்று வருஷமும் அவன் இருந்தது மலாயாவிலேயே, கேரித் தீவில் ஒரு ரப்பர் தோட்டத்தில். விடிந்தால் ரப்பர் மரம் சீவ வேண்டும். வெயில் ஏறினால் கடல் தண்ணீர் தோட்டத்துக்குள் வராமல் சேற்றை வெட்டிக் கரை கட்ட வேண்டும். கட்டிய கரை ராத்திரியில் சரியும், காலையில் கங்காணி திட்டுவான், மறுபடியும் கட்ட வேண்டும். ஒரு நாள் கங்காணியைத் திருப்பித் திட்டிவிட்டு, தேங்காய் ஏற்றிப்போகும் சீனன் படகில் ஏறிக் கிளாங்கில் இறங்கினான். அங்கிருந்து ரயில். ரயில்வே ஆட்கள் குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஐஸ் டிப்போவில் வண்டி தள்ள ஆள் கேட்டார்கள், சேர்ந்துகொண்டான்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அந்தக் காலத்து ரயில்வே ஆட்களைத் தெரியாது. ரயில்வேக்காரனும் தோட்டக்காரனும் ஒரே கப்பலில் ஒரே வாந்தியோடு வந்தவர்கள்தான். ஆனால் காக்கிச் சட்டையில் பித்தளைப் பொத்தான் ஏறியதும் ரயில்வேக்காரனுக்குக் கழுத்து கொஞ்சம் நீண்டுவிடும். அதிலும் பாயிண்ட்ஸ்மேன் ரெங்கசாமிக்கு நீண்டது போல் யாருக்கும் நீளவில்லை. ரயிலை எந்தத் தண்டவாளத்தில் விடுவது என்று கைப்பிடியை இழுத்து முடிவு செய்கிறவர். ஊரில் மற்ற எல்லாமும் அப்படியே தன் கைப்பிடியில் இருக்கிறது என்று நம்பினார். உச்சியில் இடி விழுந்தது போல் குரல். மீசையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது நேரமில்லை.

அவருக்கு இராஜம்மா என்று ஒரு மகள். அவளைத் தோட்டத்து ஆளுக்குக் கொடுப்பதில்லை என்று ரெங்கசாமி சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். அது வெறும் பெருமையால் வந்தது அல்ல. அவருடைய தங்கையை ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்து, அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த செய்தியே புதைத்த பிறகுதான் அவருக்கு வந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

கன்னையா இதெல்லாம் தெரியாமல்தான் பீர் முகம்மது பாயின் தேநீர்க் கடைக்கு முதல் நாள் ஐஸ் இறக்க வந்தான். ரெங்கசாமி அங்கே உட்கார்ந்து, யாரோ ஒரு தரகனை “தோட்டத்துச் சம்பந்தம்னா இந்தப் பக்கமே வராதேலா” என்று விரட்டிக்கொண்டிருந்தார். இராஜம்மா பால் வாங்கச் செம்போடு நின்றாள். கன்னையா அவளைப் பார்த்தான். ஐஸ் தோளில் இருந்து சட்டைக்குள் சொட்டியது, அதுகூடத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ரெங்கசாமி திரும்பி, புதிதாக வரும் எவனையும் ஊரில் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

“எந்தத் தோட்டம் தம்பி?”

கன்னையா வாயைத் திறந்தான். எதிர்ச் சுவரில் ஒரு டின்பால் கம்பெனியின் காலண்டர் தொங்கியது. அதில் வெள்ளை வெளேரென்று ஒரு மலை.

“தோட்டமா? நான் எங்கே தோட்டத்தைக் கண்டேன், மாமா. ஒரு சர்வே துரைகிட்ட சமையல்காரனா இமயமலையிலே மூணு வருஷம். அங்கேருந்து நேரா கப்பல்.”

‘அண்ணே’ என்றுதான் எல்லோரும் ரெங்கசாமியைக் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டால் இராஜம்மா மகள் முறையாகிவிடுவாள் என்பது கன்னையாவுக்கு அந்த ஒரு நொடியில் உறைத்தது. அதனால் முதல் பேச்சே ‘மாமா’வில் தொடங்கியது. ஆள் கெட்டிக்காரன்தான், சந்தேகமில்லை.

அன்றிலிருந்து அவன் பாடு கொண்டாட்டம். ஐஸ் இறக்கும் இடமெல்லாம் பனிமலை பற்றிக் கேட்டார்கள், அவனும் கூச்சமில்லாமல் அளந்துவிட்டான். பனி கையில் எடுத்தால் பஞ்சு, வாயில் போட்டால் ஐஸ். மலையில் யாராவது தும்மினால் போதும், மொத்தப் பனியும் சரிந்து கீழே வந்து ஊரையே மூடிவிடும். “அதனாலே மூணு வருஷம் நான் தும்மவே இல்லை” என்றான். இராஜம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “அப்போ ஜலதோஷம் பிடிச்சா என்ன செய்வீங்க?” என்று கேட்டாள். “துரை மூக்கைப் பிடிச்சுக்குவாரு” என்றான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவன் இன்னும் இரண்டு மலைகளைக் கூடச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தான்.

ரெங்கசாமிக்கும் அவனைப் பிடித்துவிட்டது. துரையோடு மலை ஏறியவன், தோட்டத்து வாடையே இல்லாதவன். சித்ரா பௌர்ணமி முடியட்டும், பேசி முடிப்போம் என்று மனைவியிடம் சொன்னது கன்னையாவின் காதுக்கும் வந்தது. அவன் ஐஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினான், இறக்கத்தில் அல்ல, ஏற்றத்தில்.

அப்போதுதான் பிர்தி சிங் வந்து சேர்ந்தார்.

சுங்கை பூலோவில் ஒரு மரக்கிடங்கைக் காவல் காத்தவர், ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்குக் காவலாளியாக மாறி வந்தார். தலைப்பாகை கட்டிய எவரையும் ஊரில் வங்காளி என்றுதான் சொல்வார்கள். அவருக்கும் வங்காளத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வடக்கே சம்பா என்ற மலை நாட்டுக்காரர், பனியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு கயிற்றுக் கட்டில், இரண்டு பசு, ஒரு நீளக் கம்பு. இவ்வளவுதான் அவர் குடும்பம். தினமும் பாய் கடைக்குப் பால் ஊற்றிவிட்டு, அந்தக் காலண்டருக்கு எதிரே உட்கார்ந்து ஒரு தேநீர் குடிப்பார். தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. சந்தையில் புழங்கும் அரைகுறை மலாய் மொழியில்தான் பேசுவார், அதை இங்கே தமிழில் தருகிறோம்.

ரெங்கசாமியே வினையை இழுத்துவிட்டார். “எங்க கன்னையாவும் உங்க மலைக்காரன்தான்” என்று பிர்தி சிங்கிடம் பெருமையாகச் சொன்னார். கன்னையா ஐஸ் சாக்கை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தான்.

பிர்தி சிங் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். “புதுப் பனி நிறைய விழுந்திருக்கு. சரிவைத் தாண்டி அந்தப் பக்கம் போகணும். உங்க துரை எந்த நேரத்திலே நடக்கச் சொல்வார்?”

கடையில் இருந்த அத்தனை பேரும் கன்னையாவின் வாயைப் பார்த்தார்கள். அவன் தன் அறிவுக்கு எட்டியதைச் சொன்னான். “மத்தியானம்தான். நல்லா வெயில் ஏறின பிறகு. அப்போதான் குளிராது.”

பிர்தி சிங் தேநீரைக் குடித்தார். “ம்” என்றார். காலண்டரைப் பார்த்தார். கன்னையா தப்பித்தோம் என்று மூச்சு விட்டான். மறுநாளிலிருந்து அந்த மனிதர் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து, அவன் விடும் கதைகளைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினார். கன்னையா முதல் வாரம் குளறினான், இரண்டாம் வாரம் தேறிவிட்டான். வெட்கம் கெட்டவர்களுக்குத் தைரியம் சீக்கிரம் வரும்.

சித்ரா பௌர்ணமிக்கு, நூறு குவாட்டர்ஸ் என்ற ரயில்வே குடியிருப்புக்குப் பக்கத்துத் திடலில் ரயில்வே ஆட்கள் நாடகம் போடுவது வழக்கம். அந்த வருஷம் புக்கிங் கிளார்க் விஜயன் புதிதாக ஒரு கதை கட்டியிருந்தான். கைலாயத்தில் பரமசிவன் தவமிருக்கிறார், ஓர் அசுரன் மலையேறி வந்து வம்புக்கு இழுக்கிறான். சிவனாக ஃபிட்டர் ஜெயராஜ். ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போய்விட்டு வந்து மாலையில் சடை வைத்துக்கொள்வான், யாரும் குறை சொன்னதில்லை. அசுரன் ரெங்கசாமி. வேறு யார் இருக்க முடியும்?

“கைலாயம் யார் கட்டுறது?” என்று விஜயன் கேட்டான்.

“இமயமலையிலே இருந்த ஆளையே பக்கத்திலே வச்சுக்கிட்டுக் கேக்கிறியே” என்றார் ரெங்கசாமி.

கன்னையா வேலையில் இறங்கினான். பழைய ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி மூங்கில் கட்டி, இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சரிவு. அதன்மேல் கூட்ஸ் வண்டியின் தார்ப்பாய். அடுத்து பனி வேண்டும். முந்தைய டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தில் பாய் கடைக் கிடங்கு முழுகி, நனைந்த மாவும் ஜவ்வரிசியும் விற்க முடியாமல் மூட்டை மூட்டையாகக் காய்ந்து கிடந்தன. “எடுத்துக்கிட்டுப் போ, எலியாவது என்னை விட்டுப் போகும்” என்றார் பாய்.

தார்ப்பாய் மேல் முதலில் ஜவ்வரிசியைக் கொட்டிப் பரப்பினான், பளபளப்பு வேண்டும் என்று. அப்புறம் அது பளபளக்கவில்லை என்று தோன்றியதால் மேலே மாவைத் தண்ணீர் தெளித்துக் கெட்டியாக அப்பினான். அதன்மேல் இலவம்பஞ்சு, அதைப் பிரித்துக் கொடுத்தது இராஜம்மா. கடைசியாக, நாடகத்தன்று மத்தியானம், டிப்போவிலிருந்து ஐஸ் கட்டிகளைக் கொண்டுவந்து உடைத்து உச்சியிலிருந்து அள்ளி இறைத்தான். வெயில் கொளுத்தியது. கைலாயத்திலிருந்து லேசாகப் புகை எழும்பியது. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கன்னையாவுக்கே தான் இமயமலையில் இருந்தது நிஜம்தானோ என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

பிர்தி சிங் பால் செம்போடு வந்து நின்றார். செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தன் கம்பைச் சரிவில் செங்குத்தாகக் குத்தினார். கொஞ்ச தூரம் முக்கி முக்கி இறங்கியது. பிறகு பொசுக்கென்று அடிவரை போய்விட்டது. அதை உருவி எடுத்து நுனியைத் தடவிப் பார்த்தார். ஈர ஜவ்வரிசி வழவழவென்று ஒட்டியிருந்தது.

“மேலே கனம். கீழே பிடிப்பில்லை. வெயில் வேற” என்றார். “இன்னிக்கு இதுமேலே ஆள் ஏற வேண்டாம்.”

கன்னையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலை நிற்காது என்று ஒப்புக்கொண்டால், ‘உனக்குப் பனி தெரியாதா?’ என்பார்கள். தெரியாதென்றால், ‘அப்போ மூணு வருஷம் எங்கே இருந்தே?’ என்பார்கள். கேரித் தீவு என்றால் இராஜம்மா இல்லை. அவன் மனசுக்குள் ஒரு குரல், ‘மரியாதையாகச் சொல்லிவிடு’ என்றது. கேரித் தீவில் அடிச்சேறு ஊறின கரைகள் எப்படிப் போகும் என்று அவன் கண்ணால் பார்த்தவன். ஆனாலும் அவன் பயந்தான். பயத்தை மறைக்கச் சிரித்தான்.

“எங்க பக்கத்து மலையெல்லாம் இப்படித்தான் அண்ணே. நிக்கும்.”

பிர்தி சிங் அவனையே பார்த்தார். பிறகு போய் மேடைக்கு ஓரமாகக் கம்பை ஊன்றி நின்றுகொண்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் நாடகம் தொடங்கியது. உச்சியில் ஜெயராஜ் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். அடியில் ஐஸ் கரைந்து அவன் புலித்தோல் நனைந்ததால் முகத்தில் உண்மையிலேயே தவத்தின் களை இருந்தது. ரெங்கசாமி கதாயுதத்தோடு வந்தார். சரிவில் பாதி ஏறி, சபையைப் பார்த்துத் திரும்பி, வலது காலைத் தூக்கி ஓங்கி மிதித்து, “அடே சடாமுடி” என்று கர்ஜித்தார்.

தொம் என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. யாரோ மெத்தையைக் கீழே போட்டது போல. ரெங்கசாமியின் தலைக்கு மேலே, சரிவின் குறுக்கே, ஒரு கோடு ஓடியது. அவர் அண்ணாந்து பார்த்தார். கைலாயம் மொத்தமாகப் பெயர்ந்து அவர் மேல் வந்தது. மாவும் பஞ்சும் ஐஸும் ஜவ்வரிசியும் ஒரே அலையாக அசுரனை அடித்துக்கொண்டு, ஆர்மோனியத்தைத் தள்ளிக்கொண்டு, முன்வரிசை விருந்தாளிகளின் மடியில் போய் உட்கார்ந்தன. திடல் முழுவதும் வெள்ளைப் புழுதி. ஜெயராஜ் மட்டும் மூங்கிலைக் கட்டிக்கொண்டு உச்சியில் தொங்கினான்.

ஜனங்கள் கை தட்டினார்கள். எப்பேர்ப்பட்ட காட்சி என்று விசில் அடித்தார்கள். இராஜம்மா மட்டும் எழுந்து, “அப்பா எங்கே?” என்றாள்.

அதற்குள் பிர்தி சிங் மேடையில் இருந்தார். “சத்தம் போடாதீங்க, யாரும் மிதிக்காதீங்க” என்று ஒரே அதட்டலில் திடலை அடக்கினார். குவியலில் கம்பை மெதுவாக இங்கும் அங்கும் விட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் கம்பு மெத்தென்று நின்றது. கன்னையா பாய்ந்து விழுந்து இரண்டு கையாலும் தோண்டினான். அழுதுகொண்டே தோண்டினான், அதை மறைக்கவுமில்லை. முதலில் கதாயுதம் வந்தது. பிறகு மீசையின் ஒரு பாதி. பிர்தி சிங் விரலை விட்டு ரெங்கசாமியின் வாயிலிருந்து மாவையும் பஞ்சையும் இழுத்து வெளியே எடுத்தார். அவர் ஒரு தரம் விக்கினார், இருமினார், ஒரு கைப்பிடி ஜவ்வரிசியைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

எல்லோருக்கும் உயிர் வந்தது. ரெங்கசாமிக்குக் கோபமும் வந்தது.

“மலை கட்டினவன் எவன்? இதான் நீ இமயமலையிலே கத்துக்கிட்டதா? உண்மையைச் சொல்லு, நீ பனியைப் பார்த்திருக்கியா இல்லையா?”

பதிலுக்குக் காத்திராமல் ரெங்கசாமி பிர்தி சிங் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. இவன் பனியைத் தெரிஞ்சவனா?”

திடலே அவரைப் பார்த்தது. இராஜம்மா கன்னையாவைப் பார்த்தாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

“தெரிஞ்சவன்தான்” என்றார் பிர்தி சிங். “அசல் மலையிலே எப்படி வருமோ அப்படியே வந்துச்சு. அடியிலே மணி மணியா, மேலே பாளமா, மத்தியான வெயில். பழகாதவன் இப்படிக் கட்டவே முடியாது.”

“அசலா?” என்றார் ரெங்கசாமி. குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

“அசல். எங்க ஊர்லே இதிலே புதைஞ்சு உயிரோட எழுந்தவனை எல்லாரும் தொட்டுக் கும்பிடுவாங்க.”

அவ்வளவுதான். ரெங்கசாமி தன் மேல் படிந்த மாவைத் தட்டிவிட வந்த மனைவியின் கையைத் தடுத்துவிட்டார். வீடு போகும்வரை அப்படியே போனார். மறுநாள் பாய் கடையில் கன்னையாவை ஒருவரும் சீண்டவில்லை, ரெங்கசாமிதான் பேசினார். “கன்னையா பார்த்தான், சரி. உள்ளே போய் வந்தவன் நான். சத்தம் முதல்லே கால்லேதான் கேக்கும்.” கல்யாணத்துக்கு அடுத்த மாதமே நாள் குறித்தார்.

கன்னையா அன்று மாலையே மாட்டுக் கொட்டகைக்குப் போனான். பிர்தி சிங் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நான் பனியைப் பார்த்ததே இல்லை.”

“தெரியும். முதல் நாளே தெரியும். மத்தியானம் நடக்கணும்னு சொன்னியே.” வாளியைக் கீழே வைத்தார். “என் அண்ணன் அப்படித்தான் சொன்னான். வெயில் வரட்டும், குளிருதுன்னான். விடியறதுக்கு முன்னே பனி இறுகி இருக்கும், காலைத் தாங்கும். வெயில் ஏறினா விட்டுடும். நான் நாலு எட்டு பின்னாலே நின்னேன். அவனை மூடிடுச்சு. எங்ககிட்ட கம்புகூட இல்லை.”

கன்னையா பசுவின் கழுத்தைத் தடவியபடி, “அப்போ ஏன் எனக்காகப் பொய் சொன்னீங்க? தினமும் ஏன் என் கதையைக் கேட்டீங்க?” என்றான்.

“இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்திலே பனியைப் பத்தி என்கிட்ட ஒருத்தன் பேசினதில்லை. நீ பேசினே. எல்லாம் தப்பு. நான் கட்டில்லே படுத்துக்கிட்டு ஒவ்வொண்ணா சரி பண்ணுவேன். ஊருக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கும்.” பிறகு அவர் கேட்டார்: “நிஜமா நீ எங்கே இருந்தே?”

“கேரித் தீவு.”

“அங்கே என்ன இருக்கு?”

“சேறு.”

“அதைச் சொல்லு” என்று கட்டிலில் இடம் விட்டு உட்கார்ந்தார் பிர்தி சிங். மூன்று வருஷத்துச் சேற்றையும் கன்னையா முதல் தடவையாக ஒரு மனிதரிடம் கொட்டினான்.

கல்யாணத்துக்கு முன்பே இராஜம்மாவிடமும் சொல்லிவிட்டான். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். கோபம் இருந்தது. பிறகு சொன்னாள்: “எனக்குச் சொன்னது போதும். அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. பாவம், அவரே இப்பதான் பனிமலைக்குப் போய் வந்திருக்காரு.”

ரெங்கசாமி சாகும்வரை போய் வந்துகொண்டேதான் இருந்தார். ஒவ்வொரு தடவையும் மலை கொஞ்சம் உயர்ந்தது. கன்னையா ஐஸ் டிப்போவில் மேஸ்திரியாகி, மூன்று பிள்ளைகள் பெற்று, பனியைப் பற்றிக் கேட்டால் “மாமாவைக் கேளுங்க” என்று சொல்லிப் பழகிவிட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்து ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிய காலம். பிர்தி சிங்கும் பசுக்களை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். போர்ட் ஸ்வெட்டன்ஹாம் வரை கன்னையாவும் ரயிலில் கூடப் போனான். துறைமுகத்தில் இறங்கியதும் பிர்தி சிங் அவன் தோளில் கை வைத்து, பழைய கேள்வியையே கேட்டார்.

“புதுப் பனி நிறைய விழுந்திருக்கு. சரிவைத் தாண்டி வீட்டுக்குப் போகணும். எந்த நேரத்திலே நடக்கணும்?”

“விடியறதுக்கு முன்னே அண்ணே” என்றான். “இறுகி இருக்கும்போதே தாண்டிடுங்க. குளிருதுன்னு வெயிலுக்குக் காத்திருக்காதீங்க.”

பிர்தி சிங் “ம்” என்றார். கம்பை எடுத்துக்கொண்டு கப்பல் படியில் ஏறினார்.